சாமுராயும் அரிசி மூட்டையும்

1184-ஆம் ஆண்டு இச்சினோதானி கடற்கரையில் நடந்த போரில் குமகாய் நவோசானே என்ற வீரர், எதிரிப் படையைச் சேர்ந்த தைரா நோ அட்சுமோரி என்ற பதின்வயது இளைஞனை வீழ்த்தித் தலையைக் கொய்தார். தன் மகன் வயதையொத்த ஒருவனைக் கொன்ற துயரம் தாளாமல் அவர் பின்னாளில் தலைமழித்துத் துறவியானார் என்று 'ஹெய்கே குலத்தின் கதை' என்ற காவியம் சொல்கிறது. நோ நாடகமும் கபுகியும் அந்தக் கண்ணீரைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியிருக்கின்றன. ஆனால் காமகுரா ஆட்சியின் நிகழ்வுகளைத் தொகுத்த அசுமா ககாமி என்ற வரலாற்றேடு வேறொரு காரணத்தைத் தருகிறது. 1192-இல் குமகாய்க்கும் அவருடைய உறவினர் ஒருவருக்கும் இடையே நில எல்லைத் தகராறு மூண்டு, வழக்கு அந்த ஆட்சியின் தலைவர் மினமோட்டோ நோ யோரிடோமோவின் முன்னிலையில் விசாரணைக்கு வந்தது. போர்க்களத்தில் முதல் ஆளாகப் பாய்வதில் பெயர்பெற்ற குமகாய்க்குச் சபையில் பேச்சு வரவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்கப்பட்டதும் பொறுமையிழந்து, கையிலிருந்த ஆவணங்களை வீசியெறிந்துவிட்டு, தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு காரணங்களும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கக்கூடும். சாமுராய் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் உருவம், அதாவது உதிரும் செர்ரிப்பூ, உறையிலிருந்து பாதி உருவிய வாள், மரணத்தைப் பொருட்படுத்தாத முகம் ஆகியவை சேர்ந்த அந்த ஓவியம், முதல் காரணத்தின் வழிவந்தது. எழுநூறு ஆண்டுகள் ஜப்பானை ஆண்ட ஒரு போர்வீரர் சமூகம் எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இரண்டாவது காரணமே கூடுதலாக உதவும். இன்றைய ஜப்பானிய மொழியில் முழுமூச்சாக உழைப்பதைக் குறிக்கும் 'இஷ்ஷோகென்மேய்' என்ற சொல்லின் பழைய பொருள், ஒரேயொரு இடத்துக்காக உயிரைப் பணயம் வைத்தல் என்பதாகும். அந்த இடம் வீரனின் குடும்பத்துக்குச் சோறு போட்ட நிலம்.

நிலத்துக்கும் ஆயுதத்துக்கும் இந்த முடிச்சு விழுந்த கதை எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. சீனத்தைப் பார்த்து உருவாக்கிய கட்டாயப் படைச் சேர்ப்பு முறை பயன் தராததால், எல்லைப்புறம் போன்ற சில பகுதிகள் நீங்கலாக, 792-இல் அரசவை அதைக் கைவிட்டது. அதே காலத்தில் பிரபுக்களும் பெரிய கோயில்களும் வரிவிலக்குப் பெற்ற பண்ணைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தனர். உரிமையாளர் தலைநகர் கியோட்டோவில் கவிதை எழுதிக்கொண்டிருக்க, தொலைவிலிருந்த பண்ணையைக் காவல் காப்பதற்கும் விளைச்சலைத் திரட்டி அனுப்புவதற்கும் உள்ளூரில் ஆள்பலமும் குதிரையும் உள்ளவர்கள் தேவைப்பட்டனர். சாமுராய் என்ற சொல்லே 'அருகிலிருந்து ஏவல் செய்தல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்ததுதான். அந்தப் பெயரில் வீரம் எதுவும் இல்லை, பணிவிடைதான் இருக்கிறது. அவர்களுடைய முதன்மை ஆயுதமும் வாள் அன்று. ஓடும் குதிரையிலிருந்து அம்பெய்யும் திறமையே அவர்களை அடையாளப்படுத்தியது. தங்கள் தொழில்முறையை அவர்கள் 'வில்லும் குதிரையும் செல்லும் வழி' என்றே அழைத்தனர்.

தைரா குலத்துக்கும் மினமோட்டோ குலத்துக்கும் 1180 முதல் 1185 வரை நடந்த போரில் வென்ற யோரிடோமோ, பேரரசரை அகற்றிவிட்டு அரியணையில் அமரவில்லை. கிழக்கே காமகுராவில் தங்கியபடி, தன்னை நம்பி வந்த வீரர்களைப் பண்ணைகளின் மேற்பார்வையாளர்களாகவும் மாகாணக் காவலர்களாகவும் நியமிக்கும் உரிமையை 1185-இல் அரசவையிடமிருந்து பெற்றார். 1192-இல் கிடைத்த ஷோகன் என்ற படைத்தலைமைப் பட்டத்தைவிட இந்த நியமன உரிமையே எடை மிகுந்தது என்று தோன்றுகிறது. ஏனெனில், பண்ணை மேற்பார்வையாளரான 'ஜித்தோ' விளைச்சலில் தனக்கென ஒரு பங்கைப் பெற்றார். அந்தப் பங்குக்குக் கியோட்டோவிலுள்ள பிரபு அல்ல, காமகுராவிலுள்ள தலைவரே உத்தரவாதம் கொடுத்தார். தலைவர் தரும் இந்த நன்மைக்கு 'கோஒன்' என்று பெயர். அதற்கு ஈடாக வீரன் ஆற்றும் பணி, அதாவது போருக்குச் செல்வதும் கியோட்டோவில் முறைவைத்துக் காவலிருப்பதும், 'ஹோக்கோ' எனப்பட்டது. ஒன்று நின்றால் மற்றொன்றும் நிற்கும் என்பது எழுதப்படாத புரிதலாக இருந்தது.

1221-இல் முன்னாள் பேரரசர் கோதோபா காமகுராவுக்கு எதிராகப் படை திரட்டியபோது, யோரிடோமோவின் மனைவி ஹோஜோ மசாகோ வீரர்களுக்கு விடுத்த செய்தியில் இந்தக் கணக்கை ஒளிவுமறைவின்றிக் காணலாம். மறைந்த தலைவர் உங்களுக்குப் பதவியும் நிலவருவாயும் தந்தார், அந்த நன்றிக்கடன் மலையினும் உயர்ந்தது, கடலினும் ஆழ்ந்தது என்று அவர் நினைவூட்டினார். வீரர்கள் திரண்டனர், வென்றனர். தோற்ற பக்கத்திலிருந்து பறிக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 நிலங்கள் அவர்களுக்குப் பங்கிடப்பட்டன. 1232-இல் மசாகோவின் தம்பி மகனான ஹோஜோ யசுடோகி 51 பிரிவுகள் கொண்ட சட்டத்தொகுப்பை வெளியிட்டார். சீன எழுத்து அதிகம் அறியாத சாதாரண வீரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே அதை எழுதியதாக அவர் தன் தம்பிக்குக் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். இருபது ஆண்டுகள் அனுபவத்திலிருக்கும் நிலத்தைக் கிளறக்கூடாது, பிள்ளையில்லாத பெண், ஒருவரைத் தத்தெடுத்து அவருக்குத் தன் நிலத்தைக் கொடுக்கலாம் என்பன போன்ற விதிகள் அதில் உள்ளன. போர்வீரர்களின் முதல் சட்டம் என்று புகழப்படும் நூலில் வாள்வீச்சைவிடப் பட்டா விவகாரமே கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை வெளிச்சமிட்டவர்கள் மங்கோலியர்கள். 1274-இலும் 1281-இலும் குப்ளாய் கானின் படை கியூஷு தீவில் இறங்கியது. ஹகாட்டா விரிகுடாவில் அதை எதிர்த்தவர்களுள் ஹிகோ மாகாணத்தைச் சேர்ந்த தக்கேசாகி சுவெநாகா என்ற சிறு வீரரும் ஒருவர். ஒரு சில குதிரைவீரர்களுடன் முந்திப் பாய்ந்து காயமுற்ற அவருக்குப் பரிசு எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் திரட்டிக்கொண்டு காமகுரா வரை பயணம் செய்தார். பல அதிகாரிகள் கைவிரித்த பிறகு, பரிசளிப்புக்குப் பொறுப்பாளரான அடாச்சி யசுமோரியைச் சந்தித்து, தான் முதலில் பாய்ந்தது உண்மையா பொய்யா என்று விசாரித்துப் பாருங்கள், பொய்யானால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் அளவுக்கு வாதாடினார். கடைசியில் தன் மாகாணத்திலேயே ஓர் ஊரின் ஜித்தோ பதவியும் ஒரு குதிரையும் பெற்றுத் திரும்பினார். தன் போரையும் இந்த மனுப் பயணத்தையும் அவர் ஓவியச் சுருள்களாக வரையச் செய்தார். மங்கோலியப் படையெடுப்பைப் பற்றி இன்று பாடநூல்களில் அச்சாகும் புகழ்பெற்ற படம், குதிரையில் குருதி வழிய இருப்பவரும் எதிரே அம்பெய்யும் அயலாரும் உள்ள காட்சி, இந்தச் சுருளிலிருந்து வந்தது. ஒரு விதத்தில் அதை உலகின் மிக அழகான கோரிக்கை மனு என்று சொல்லலாம்.

சுவெநாகாவுக்குக் கிடைத்தது பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போரில் தோற்றவனின் நிலத்தை வென்றவனுக்குக் கொடுக்கலாம். கடலுக்கு அப்பாலிருந்து வந்து திரும்பிப்போன எதிரி பங்கிடுவதற்கு ஒரு குழி நிலத்தைக்கூட விட்டுச் செல்லவில்லை. அத்தோடு, நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும், மகள்களுக்கும் சேர்த்தே, பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. வீரர்கள் கடன் வாங்கினர், நிலத்தை அடகு வைத்தனர். அடகுபோன நிலங்களைத் திருப்பித் தரச் செய்யும் ஆணையொன்றைக் காமகுரா 1297-இல் பிறப்பித்தது. அதனால் கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்களே தவிர நிலைமை சீராகவில்லை. 1333-இல் காமகுரா ஆட்சி விழுந்தபோது அதை வீழ்த்தியவர்கள் அதன் சொந்த வீரர்கள். இதே நெருக்கடி குடும்பத்துக்குள்ளும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பாகப்பிரிவினையைத் தவிர்க்க முழு நிலத்தையும் ஒரே மகனுக்குக் கொடுக்கும் முறை பரவியது. அதுவரை ஜித்தோவாக இருந்து வழக்காடவும் முடிந்த பெண்கள் சொத்துரிமையை இழந்தனர்.

அடுத்த இரு நூற்றாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். அஷிகாகா ஷோகன்கள் கியோட்டோவிலிருந்து ஆண்டனர். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் அந்தத் தலைநகரையே சாம்பலாக்கியது. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக டைமியோ எனப்பட்ட வட்டாரத் தலைவர்கள் ஒருவரோடொருவர் மோதினர். கீழிருப்பவன் மேலிருப்பவனைக் கவிழ்த்தல் என்ற பொருளில் 'கெக்கொகுஜோ' என்ற சொல்லே அந்தக் காலத்தின் அடையாளமாயிற்று. 1543-இல் போர்த்துகீசியர் தனேகாஷிமா தீவுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியை ஜப்பானியக் கொல்லர்கள் சில ஆண்டுகளிலேயே தாங்களே செய்யத் தொடங்கினர். களத்தில் எண்ணிக்கையால் மிகுந்தவர்கள் இப்போது காலாட்கள். அவர்களுள் பலர் ஏர் பிடித்த கையோடு வந்தவர்கள். விசுவாசத்தைப் பொறுத்தவரை, அந்த யுகத்தின் இரண்டு பெரிய திருப்பங்களும் துரோகத்தால் நேர்ந்தவை என்பதே போதும். நாட்டை ஒருங்கிணைக்கப் புறப்பட்ட ஓடா நோபுநாகாவை 1582-இல் அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிடே ஹொன்னோஜி கோயிலில் சூழ்ந்து மாய்த்தார். 1600-இல் செகிகஹாரா களத்தில் கொபயகாவா ஹிடேஅகி நடுப்போரில் பக்கம் மாறியதால் டோகுகாவா இயேயாசு வென்றார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே ஆண்ட டொயோடோமி ஹிடேயோஷி செய்த காரியம்தான் சாமுராய் வரலாற்றின் நடுக்கீல். எளிய குடியில் பிறந்து உச்சிக்கு வந்த அவர், தான் ஏறிய ஏணியை மற்றவர் ஏறாதபடி எடுத்துப்போட்டார். நாடெங்கும் நிலத்தை அளந்து, ஒவ்வோர் ஊரின் விளைச்சலையும் 'கோக்கு' என்ற அளவில் பதிவு செய்தார். ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. ஓராளுக்கு ஓராண்டுச் சாப்பாடு என்று கணக்கிடப்பட்டது. 1588-இல் குடியானவர்களின் வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். கியோட்டோவில் எழும்பும் பெரிய புத்தர் சிலைக்கு அந்த இரும்பு ஆணியாகும், கொடுத்தவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை உண்டு என்று ஆணையிலேயே ஆசை காட்டப்பட்டது. 1591-இல் வீரன் குடியானவனாகவோ வணிகனாகவோ மாறுவதும், குடியானவன் ஊரைவிட்டு வேறு தொழிலுக்குப் போவதும் தடுக்கப்பட்டன. இனி ஊரில் இருந்தால் குடியானவன். ஆயுதம் ஏந்தினால் கோட்டை நகரில் தலைவனின் காலடியில் குடியிருக்க வேண்டும். வீரனுக்கும் அவன் நிலத்துக்கும் இடையே இருந்த தொப்புள்கொடி இப்படி அறுபட்டது. அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது, பரம்பரையாக வரும் அரிசிச் சம்பளம்.

1603-இல் இயேயாசு தொடங்கிய டோகுகாவா ஆட்சி இந்த அடித்தளத்தின் மேல்தான் இரண்டரை நூற்றாண்டு நின்றது. 10,000 கோக்கு விளைச்சலும் அதற்கு மேலும் உள்ள ஆட்சிப்பகுதிக்குரியவர் டைமியோ. அப்படி ஏறத்தாழ 260 பேர் இருந்தனர். காகா பகுதியின் மயேதா குடும்பம் மட்டும் பத்து லட்சம் கோக்குக்கு மேல் வைத்திருந்தது. 1635 முதல் டைமியோக்கள் ஓராண்டு சொந்த ஊரிலும் ஓராண்டு ஷோகனின் எடோ நகரிலும் (இன்றைய டோக்கியோ) மாறிமாறி வசிக்க வேண்டும், மனைவியும் வாரிசும் எடோவிலேயே இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெரிய டைமியோவின் ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். கலகம் செய்வதற்கு வேண்டிய பணம் நெடுஞ்சாலை விடுதிகளில் கரைந்தது. இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான கிராமத்தார். வரியைத் தனியாள் அல்ல, ஊரே கூட்டாகக் கட்ட வேண்டும். ஐந்து குடும்பங்களைக் கொண்ட குழுவில் ஒருவர் தவறினால் மற்ற நால்வர் பொறுப்பு. வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற நால்வகைப் படிநிலையைப் பாடநூல்கள் இன்னும் வரைகின்றன என்றாலும், அது சீன நூல்களிலிருந்து எடுத்த சிந்தனை மரபே. நடைமுறையில் வீரர், ஊரார், நகரத்தார் என்ற பிரிவுகளே செல்லுபடியாயின. தோல் பதனிடுதல் போன்ற தொழில்களைச் செய்தவர்கள் இந்த வரிசைக்கே வெளியே தள்ளிவைக்கப்பட்டனர். 1871-இல் சட்டப்படி விடுதலை கிடைத்த பிறகும் அவர்கள்மீதான ஒதுக்கல் மறையவில்லை.

போர் ஓய்ந்த நாட்டில் போர்வீரன் என்ன செய்தான்? கணக்கெழுதினான், வாயிற்காவல் நின்றான், மதகுகளைப் பார்வையிட்டான்; வேலையைவிட ஆள் அதிகமாக இருந்ததால் சில நாட்களே பணிக்குச் சென்றவர்களும் உண்டு. ஷோகனின் நேரடிப் பணியிலிருந்த ஹதமோட்டோ வகுப்பினர் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட கோக்கெனின் வகுப்பினர் அதைப்போல மும்மடங்குக்கும் மேல். எடோ நகரக் காவலில் இருந்த கீழ்நிலைச் சாமுராயின் சம்பளம் ஆண்டுக்கு முப்பது மூட்டை அரிசி, அதோடு இரண்டு பேருக்கான அன்றாடப் படி. இதில் குடும்பமும் வேலையாளும் பிழைக்க முடியாது. ஆகவே எடோவின் ஓகுபோ பகுதியில் துப்பாக்கிப் படையினர் அசேலியாச் செடி வளர்த்து விற்றனர்; அவோயாமாவில் சாமுராய் வீடுகளில் குடை செய்தனர். டைமியோக்களும் கையைப் பிசைந்த நிலையில் இருந்தனர். தங்கள் வீரர்களின் சம்பளத்திலிருந்து 'கடன்' என்ற பெயரில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டனர். அந்தக் கடன் திரும்புவதில்லை.

அரிசியில் சம்பளம், காசில் செலவு என்ற நிலை இடைத்தரகரை உருவாக்கியது. அசாகுசாவில் இருந்த ஷோகனின் களஞ்சியத்தில் சாமுராய்க்குரிய அரிசியைப் பெற்று, விற்று, காசாக்கித் தந்தவர்கள் 'ஃபுதாசாஷி' எனப்பட்டனர். அடுத்த அறுவடையின் சீட்டை அடகு பிடித்து முன்பணம் கொடுப்பதே அவர்களுக்குப் பெருந்தொழிலாயிற்று. 1724-இல் 109 பேர் கொண்ட சங்கமாக அவர்களுக்கு ஏற்பு கிடைத்தது. 1789-இல் ஷோகனின் முதன்மை அமைச்சர் மட்சுதைரா சதநோபு பழைய கடன்களை ரத்து செய்தும் மீதிக்கு வட்டியைக் குறைத்தும் ஆணையிட்டபோது, அவர்கள் இழந்த தொகை, ரியோ என்ற பொன்நாணயக் கணக்கில், பத்து லட்சத்தைத் தாண்டியது. இடுப்பில் இரண்டு வாள் செருகும் உரிமை பெற்றவர், அந்த உரிமை இல்லாத வணிகரின் வாசலில் அடுத்த பருவத்து அரிசிக்காகக் காத்திருந்தார். நிலவுடைமைச் சமூகம் என்ற சொல்லின் எடையை இந்தக் காட்சி சற்றே குறைத்துவிடுகிறது.

சாமுராய் அறம் என்று இன்று உலகம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டது. சாவதிலேயே சாமுராயின் வழி இருக்கிறது என்ற வரியால் புகழ்பெற்ற ஹகாகுரே என்ற நூல், சாகா பகுதியைச் சேர்ந்த யமமோட்டோ ட்சுனேதோமோ 1709-க்கும் 1716-க்கும் இடையே சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அவர் ஒரு போரையும் கண்டவர் அல்லர். எழுத்துப் பணியில் காலம் கழித்தவர். 1700-இல் தன் தலைவர் இறந்தபோது உடன் உயிர்விட விரும்பினார். ஆனால் தலைவரைத் தொடர்ந்து சாவதை ஷோகன் ஆட்சி 1663-லேயே தடை செய்திருந்ததால், துறவு பூண்டு மலையடிவாரத்தில் ஒதுங்கினார். சாவு கிடைக்காத ஒருவரின் ஏக்கம் என்று படித்தால் அந்த நூல் நன்றாகப் புரிகிறது.

அவர் காலத்திலேயே நடந்த அகோ விவகாரத்திலும் இந்த முரண் தெரிகிறது. 1701-இல் எடோ கோட்டைக்குள் சடங்கு அதிகாரி கிரா யோஷினாகாவை வாளால் தாக்கிய டைமியோ அசானோ நகனோரிக்கு அன்றே வயிற்றைக் கிழித்துச் சாகும் தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 கோக்கு மதிப்புள்ள அவருடைய ஆட்சிப்பகுதி பறிக்கப்பட்டு, சுமார் 300 வீரர்கள் ஒரே நாளில் சம்பளம் இழந்தனர். அவர்களுள் ஓயிஷி குரானோசுகே தலைமையில் 47 பேர் 1703-இன் தொடக்கத்தில் கிராவின் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கொன்றனர். ஆட்சியாளர் திணறினர்: விசுவாசத்தைத் தண்டிக்கவும் முடியாது, சட்டத்தை மீறியதை விடவும் முடியாது. சட்டம் சட்டமாகவே இருக்கட்டும், ஆனால் குற்றவாளிகளைப்போல் தலைவெட்டாமல் வீரர்களுக்குரிய மரணத்தைக் கொடுக்கலாம் என்ற அறிஞர் ஓக்யூ சொராயின் நிலைப்பாட்டோடு ஒத்ததே இறுதித் தீர்ப்பு. ஒருவர் நீங்கலாக 46 பேர் தற்கொலைக்குப் பணிக்கப்பட்டனர். யமமோட்டோ ட்சுனேதோமோவுக்கோ இந்த வீரர்கள்மேல் மனக்குறை. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் திட்டமிட்டுக் காத்திருந்தார்களே, அதற்குள் கிரா நோயில் இறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். மீதியுள்ள ஏறத்தாழ 250 பேரைப் பற்றி நாடகங்கள் எதுவும் பேசுவதில்லை. புதிய எஜமானரையோ வேறு பிழைப்பையோ தேடிப் போயிருக்க வேண்டும்.

1868-இல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்தபின், அதைக் கவிழ்த்த கீழ்நிலைச் சாமுராய்களே தங்கள் வகுப்பின் கணக்கையும் முடித்தனர். புதிய அரசின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழைய வீரர்களின் பரம்பரைச் சம்பளத்துக்கே போயிற்று. 1871-இல் டைமியோ ஆட்சிப்பகுதிகள் கலைக்கப்பட்டன. 1873-இல் எல்லாக் குடியினருக்கும் கட்டாயப் படைச்சேவை வந்தது. அதன் அறிவிப்பில் 'இரத்த வரி' என்ற சொல் இருந்ததைக் கண்டு மெய்யாகவே இரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று அஞ்சிக் கிராமங்களில் கலவரம் மூண்டது. 1876-இல் வாள் செருகும் உரிமை பறிபோனது, சம்பளம் கடன்பத்திரமாக மாற்றப்பட்டது. பத்திரத்தை விற்றுக் கடை வைத்தவர்களின் தோல்வியைப் பார்த்து 'சாமுராய் வியாபாரம்' என்ற கேலிச்சொல் பிறந்தது. குமமோட்டோவில் ஒரு கூட்டம் துப்பாக்கியைத் தொட மறுத்து வாளும் ஈட்டியுமாகப் படைமுகாமைத் தாக்கி அழிந்தது. 1877-இல் சைகோ தகமோரியின் பெரிய கலகத்தை அடக்கிய படையில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்திருந்தனர்.

ஐந்தாண்டு கழித்து, 1882-இல், பேரரசர் படைவீரர்களுக்கு விடுத்த அறிவுரையில் கடமை மலையினும் கனமானது, மரணம் இறகினும் இலேசானது என்று வந்தது. மசாகோவின் செய்தியிலும் ஒரு மலை இருந்தது. அங்கே அது தலைவன் கொடுத்ததன் அளவு. இங்கே வீரன் கொடுக்க வேண்டியதன் அளவு. நிலமும் அரிசியும் பேச்சிலிருந்து மறைந்த பிறகு, சாமுராய்களே இல்லாத ஒரு படைக்கு அவர்களுடைய பெயரால் சாவு கற்பிக்கப்பட்டது. அது 1945 வரை நீண்டது.

வெளியுலகுக்கு 'புஷிதோ' (போர்வீரனின் வழி) என்ற சொல்லைக் கொண்டுசேர்த்த நூலை நிதோபே இனாசோ என்ற கிறித்தவ அறிஞர் அமெரிக்காவில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதி 1900-இல் வெளியிட்டார். மொரியோகாவில் ஒரு சாமுராய் குடும்பத்தில் 1862-இல் பிறந்தவர் அவர். அவருடைய பாட்டனார் நிதோபே ட்சுதோ, நம்பு ஆட்சிப்பகுதியின் வீரராக இருந்தும் வாளால் பெயர் பெறவில்லை. வறண்டு கிடந்த சம்போங்கி மேட்டுநிலத்துக்கு ஓயிராசே ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, 1859-இல் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர். அந்த மண்ணில் முதல் நெல் விளைந்த மகிழ்ச்சியில், சிறிது காலத்துக்குப் பின் பிறந்த பேரனுக்கு நெற்பயிரைக் குறிக்கும் 'இனா' என்ற எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.